கடைசிப் பத்து நிமிஷம்

காரைக்கால்மேட்டில் கேபிள் கோவிந்தராசுவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் பாதி வீடுகளுக்கு டிவி ஒயர் இழுத்துக் கொடுத்தவர். மீதிப் பாதி வீட்டுக்காரர்கள் டிஷ்ஷுக்கு மாறிப்போனவர்கள். அவரை எதிரில் கண்டால் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அவரும் பார்க்காத மாதிரியே போய்விடுவார். அந்த அளவுக்கு நல்ல மனுஷன்.

நாற்பத்தேழு வயது. பயந்த ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாளே நனைந்த கம்பத்தில் ஏறுகிறவர். ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆகாது. எதனுடைய முடிவையும் அவரால் உட்கார்ந்து பார்க்க முடியாது.

சினிமாவுக்குப் போனால் எல்லாரையும் விட முதலில் போய் உட்காருவார். பாட்டு, சண்டை, அழுகை எல்லாவற்றையும் வாயைத் திறந்துகொண்டு ரசிப்பார். வில்லன் கதாநாயகனின் தங்கையைக் கட்டிப்போட்டானோ இல்லையோ, எழுந்துவிடுவார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டு, படம் விட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, பிழைத்தானா செத்தானா என்று தெரிந்துகொள்வார். கல்யாணமான புதிதில் மனைவி கல்யாணசுந்தரியைத் தியேட்டருக்குள் தனியே விட்டுவிட்டு இப்படிப் போய்விட, அவள் பாவம், மனுஷனுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மூன்று படத்துக்கு ஓமத் தண்ணீர் குடித்தார். நாலாவது படத்தில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து முடிவைப் பார்த்துவிட்டு வந்து சொல்வது அவள் வேலை ஆயிற்று.

சீரியல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கும் இதுதான் காரணம். மருமகள் மாடிப்படியில் வழுக்கினால் திங்கட்கிழமை வழுக்கி வெள்ளிக்கிழமைதான் தரைக்கு வந்து சேருவாள். ஆயிரம் நாள் ஓடினாலும் முடியாது. மனிதன் நிம்மதியாகப் பார்க்கலாம். கால்பந்து விளையாட்டை வைத்து எடுத்த சினிமாக்கள்தான் அவருக்கு ஆகவே ஆகாது. பந்து உதைத்த இடத்திலிருந்து கோல் போஸ்ட்டுக்குப் போய்ச் சேர அரை ரீல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கதாநாயகன் செத்துப்போன அப்பாவையும் காதலித்த பெண்ணையும் சின்ன வயதில் விளையாடிய தெருவையும் நினைத்துக்கொள்கிறான். "இவ்வளவு நெனச்சா பந்த எவன்டா பாக்குறது?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவார். கதாநாயகியோ கேலரியில் கை தட்டிக்கொண்டே இருப்பாள். அவர்கள் ஆடுகிற மைதானத்தில் கை தட்டுவதற்கு இருந்தவர் ஒரே ஒரு வேர்க்கடலைக்காரர். அவரும் பொட்டலத்து மண்ணைத் தட்டுகிறாரா, கையைத் தட்டுகிறாரா என்று தெரியாது.

அவர்கள் என்றால் அலைகடல் கால்பந்துக் கழகம். ஊர்ப் பையன்களின் அணி. கோவிந்தராசு அதற்குச் செயலாளர், பொருளாளர், தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர், ரசிகர் மன்றத் தலைவர், ரசிகர் மன்றம். பதினோரு வருஷமாக ஒரு ஆட்டம் தவறவிட்டது கிடையாது. இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் எல்லாம் புதுச்சேரியில்தான். நம்முடைய தலைநகருக்குப் போக நாம் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பக்கத்து மாநிலத்தைத் தாண்டி நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். பையன்கள் இறங்கும்போதே கால் மரத்துப்போயிருக்கும். முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டால் கதை வேறு. அங்கே வெளியூர் அணிக்குப் பாதி ஆட்டம் சொந்த மைதானத்தில். வருகிறவன் நம் ஊருக்கு வர வேண்டும். அவன் காலும் மரத்துப்போகட்டுமே. காரைக்கால்மேட்டு ஜனங்கள் தங்கள் பிள்ளைகள் விளையாடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்க்கட்டுமே. கோவிந்தராசுவுக்கு இந்த ஜென்மத்தில் வேறு ஆசை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டத்திலும் அவர் குணம் மாறவில்லை. எண்பது நிமிஷம் வரைக்கும் தொண்டை கிழியக் கத்துவார். எண்பதாவது நிமிஷம் ஆனதும், புதுச்சேரி மைதானத்தில் வடக்குக் கோலுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியண்டை போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். கோல்கீப்பர் அமலன் இரண்டாம் பாதியில் அந்தப் பக்கத்துக் கோல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வான். கடைசி விசில் ஊதியதும் நேரே ஓடி வந்து, உறை போட்ட கையால் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டுவான். "அண்ணே, திரும்பலாம்" என்றால் ஜெயித்தாயிற்று, அல்லது சமன். தோற்றுப்போனால் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இருவரும் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பஸ் ஏறுவார்கள்.

அமலனுக்கு இருபத்தாறு வயது. மாதா கோயில் தெருப் பையன். மருதையனின் விசைப்படகில் வலை இழுக்கிறவன். இரண்டு வருஷம் காத்திருந்து பிடித்த இடம் அது. கடலுக்குப் போனால் நாலு நாள், ஐந்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவான். அதனால் வருஷத்தில் அவன் ஒழுங்காக விளையாடக் கிடைப்பது மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாள் மட்டும்தான். மற்ற நாட்களில் கோட்டுச்சேரி சிவக்குமார் கோலில் நிற்பான். தங்கமான பையன். பெரியவர்களைக் கண்டதுபோலவே பந்தைக் கண்டாலும் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவான். இந்த வருஷமும் மார்ச் முடிய நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி. ஏப்ரல் பதினைந்தில் தடை தொடங்கியது, அமலன் வந்தான், ஆட்டமே மாறிவிட்டது. ஏழாம் இடத்திலிருந்து ஏறி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்து நின்றார்கள். மேலே போவது இரண்டு அணிகள். மூன்றாம் இடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கி வெண்புறா என்கிற அணி. கடைசி ஆட்டம் அந்த வெண்புறாவோடேதான். சமன் செய்தால் போதும், முதல் டிவிஷன்.

அந்த ஆட்டம் ஜூன் எட்டாம் தேதி நடக்க வேண்டியது. அன்று பார்த்துக் கோடை மழை கொட்டி மைதானம் குளமாகிவிட்டது. பையன்கள் நாலு மணி நேரம் போய், வாத்து நீந்துவதைப் பார்த்துவிட்டு, நாலு மணி நேரம் திரும்பி வந்தார்கள்.

புதன்கிழமை லீக் ஆபீசிலிருந்து போன் வந்தபோது கோவிந்தராசு தன் கேபிள் கடைக்கு எதிரே இருந்த கம்பத்தின் மேல் இருந்தார். வருகிற ஞாயிறு பதினைந்தாம் தேதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரில் தடைக்காலம் எத்தனையாவது நாள் என்று தினமும் சிவப்புப் பேனாவால் எண் போட்டு வைப்பது அவர் வழக்கம். இந்தத் தடவை ஆர்வத்தில் அறுபத்தொன்று வரைக்கும் முன்கூட்டியே போட்டுவிட்டிருந்தார். பதினைந்தாம் தேதிக் கட்டத்தில் 61 என்று இருந்தது. தடையின் கடைசி நாள், அமலன் கரையில் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை வேறு. "தாராளமா வெச்சுக்கலாம் சார்" என்று கம்பத்திலிருந்தபடியே சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அமலன் கடைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, பதினஞ்சுன்னு சொல்லிட்டீங்களாமே?"

"ஆமா. ஏன்டா?"

"தடை பதினாலோட முடியுதுங்கண்ணே. பதினஞ்சு விடியக்காலைல கடலுக்கு மொதல் ஓட்டம்."

கோவிந்தராசு சிரித்தார். எழுந்து போய்க் காலண்டரைக் காட்டினார். அமலன் அதை உற்றுப் பார்த்தான். பக்கங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தூக்கிக்கொண்டே போய் ஏப்ரலில் நிறுத்தினான். ஏப்ரல் பதினைந்தில் எண் இல்லை. பதினாறில்தான் 1 என்று இருந்தது. அன்று ஆட்டத்துக்காகப் புதுச்சேரி போயிருந்தவர், மறுநாள் கடையைத் திறந்தபிறகுதான் எண் போட ஆரம்பித்திருக்கிறார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதன் தடைக்காலத்தை ஒரு நாள் தள்ளி எண்ணியிருக்கிறார். அதுவும் அலைகடல் கழகத்தின் செயலாளர்.

 உடனே லீக் ஆபீசுக்குப் போன் போட்டார். இனி மைதானம் கிடைக்காது, நீங்கள்தானே சரி என்றீர்கள், வராவிட்டால் வெண்புறாவுக்கு மூன்று புள்ளி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மற்ற பையன்களுக்குச் சிக்கல் இல்லை. ஃபைபர் படகுக்காரர்களும் கல்லூரிப் பையன்களும் ஒரு நாள் ஒதுக்கிவிடலாம். விசைப்படகு ஆள் அமலன் ஒருத்தன்தான்.

"சிவக்குமார வெச்சு ஆடிக்கலாம்ணே" என்றான் அமலன். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.  கோவிந்தராசு செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். அமலனும் பின்னாலேயே வந்தான்.

மருதையன் படகில் ஏறி நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். படகுக்குச் சொந்தக்காரரும் அவரே, டிரைவரும் அவரே. நடந்ததை எல்லாம் கேட்டார். பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"மொதல் ஓட்டத்துல ஆள் கொறையக் கூடாது கோவிந்தராசு. தேங்கா ஒடைக்கிறப்ப ஏழு பேரு நின்னா, அந்த வருசம் பூரா அந்த ஏழு பேருதான். எங்கப்பன் காலத்துலேருந்து அப்புடித்தான். இவன் நிக்கலன்னா இவன் எடத்துல நிக்கிறவன்தான் இனிமே. நான் ஒருத்தனுக்கு மாத்துனா நாளைக்கி எல்லாப் படகுலயும் கேப்பான்."

"ஒரே ஒரு ஓட்டம்ணே, மொதல் ஓட்டம் மறுநாளே திரும்பிடும்ல. இவனுக்குப் பதிலா, இவன் பேருல ஒருத்தன் நின்னா? அடுத்த ஓட்டத்துக்கு இவன் வந்துருவான்."

மருதையன் யோசித்தார். "இவன் பேருல நின்னா சரி. எடம் இவனுக்கேதான். ஆனா எவன்டா கெடைப்பான்? அறுபத்தோரு நாளு கழிச்சுக் கடல் தொறக்குது. காரைக்கால்மேட்டுல கை கால் உள்ளவன் அத்தன பேரும் ஏதாச்சும் ஒரு படகுல ஏறிட்டான்."

அது உண்மைதான். கோவிந்தராசு அங்கேயே நின்று ஊரை ஒரு சுற்று நினைத்துப் பார்த்தார். மீனவர் அட்டை வைத்திருந்து, எந்தப் படகிலும் ஏறாமல், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கப்போகிறவன் ஊரிலேயே ஒருத்தன்தான் இருந்தான். அந்த ஒருத்தன் அவரேதான்.

பதினெட்டு வயதில் அப்பாவோடு ஒரு தடவை கடலுக்குப் போனார். முகத்துவாரம் தாண்டவில்லை, வாந்தி ஆரம்பித்துவிட்டது. நிற்கவே இல்லை. பையன் செத்துவிடுவான் என்று பயந்து, வலையே போடாமல் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். படகிலிருந்த அறுவர் பிழைப்பு அன்றைக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவர் கம்பம் ஏறக் கற்றுக்கொண்டார். இருபத்தொன்பது வருஷமாகிறது, கடலில் கால் நனைத்ததோடு சரி.

"நான் வர்றேண்ணே" என்றார்.

மருதையன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். படகில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அமலன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, நீங்க வரலன்னா தொட்டிகிட்ட யாரு நிக்கிறது?" என்றான்.

"நீ கோல்ல நில்லு. அது போதும்" என்றார் கோவிந்தராசு.

வீட்டில் சொன்னபோது கல்யாணசுந்தரி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியை நிறுத்திவிட்டாள். அவள் சீரியலை நடுவில் நிறுத்தினது அதற்கு முன் வெள்ளம் வந்தபோது மட்டும்தான்.

"பதினோரு வருசமா ஒரு ஆட்டம் விடலீங்க. ஏறப்போற ஆட்டத்தயா விடப்போறீங்க?"

"தப்பு என்னுது. பையன் எடத்த நான் தொலைக்க முடியுமா?"

 அவள் வேண்டுமென்றே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எப்படியும் கடைசிப் பத்து நிமிசம் பாக்கப்போறதில்ல. முதுகக் காட்டிக்கிட்டு எங்க நின்னா என்ன? எலுமிச்சம்பழம் வாங்கி வெக்கிறேன்" என்றாள். உள்ளே போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

ஞாயிறு விடியலில் பூ சுற்றிய படகுகள் அரசலாற்றில் வரிசையாக நின்றன. ஏழாவது ஆளாக கோவிந்தராசு நின்று தேங்காய் உடைப்பதைப் பார்த்தார். அவருக்குச் சமையலும் ஐஸ் உடைப்பதும் வேலை என்று சொல்லியிருந்தார்கள். முகத்துவாரம் தாண்டியதும் முதல் அலை படகைத் தூக்கி இறக்கியது. பக்கவாட்டில் குனிந்தார். இட்லி போயிற்று, எலுமிச்சம்பழம் போயிற்று, இரண்டாவது தடவை குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போனும் போயிற்று.

"கேபிளு, கடலுக்குள்ள கனெக்சன் குடுக்குறியா?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல அவருக்கு வாய் ஒழியவில்லை.

ஆனாலும் படகு திரும்பவில்லை. அதுதான் முக்கியம். பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குக் குழம்பு வைத்தார். அவர் வைத்த குழம்பை அவரைத் தவிர எல்லாரும் சாப்பிட்டார்கள். முதல் வலையில் இறாலும் கணவாயும் நன்றாகவே விழுந்தன. மருதையன் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்ததும், அறுவர் பிழைப்பைக் கெடுத்த பழைய பாவத்தில் கொஞ்சம் கழிந்தது என்று கோவிந்தராசுவுக்குத் தோன்றியது.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு அவர் ஐஸ் உடைக்கவில்லை, கைக்கடிகாரத்தை உடைத்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பத்து நிமிஷம். இப்போது வலது ஓரத்துப் பையன் பந்தைத் தேவையில்லாமல் தன் காலிலேயே வைத்துக்கொண்டிருப்பான், விடுடா, விடு. இப்போது இடைவேளை, தண்ணீர் பாட்டிலை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? ஆரஞ்சுப் பழம் வாங்க மறந்திருப்பார்கள். இப்போது அமலன் தொட்டிப் பக்கம் வந்திருப்பான். ஐந்தரைக்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து படகின் ஓரமாகப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்ற பிறகுதான் கவனித்தார், கரை இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. ஆறு மணி ஆயிற்று. முதுகில் யாரும் தட்டவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

ஆறரைக்கு டிரைவர் அறையில் வயர்லெஸ் கரகரத்தது. யாரோ வேறு படகிலிருந்து பேசினார்கள். கோவிந்தராசு ஓடுவதற்குள் மருதையன் அதை அணைத்துவிட்டார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"காத்து வடக்க திரும்புதாம்."

"ஆட்டத்தப் பத்தி?"

"காத்தப் பத்தித்தான் சொன்னாங்க" என்று மருதையன் சுக்கானைப் பார்த்தபடி சொன்னார்.

முகத்தைப் பார்த்து முடிவு சொல்வதில் கோவிந்தராசு முப்பது வருஷம் தேறியவர். ஆனால் கடலிலேயே காய்ந்த முகத்தில் என்ன தெரியும்? ஜெயித்திருந்தால் சொல்லியிருப்பார்கள், சொல்லாததால் தோல்விதான் என்று அவர் மனதில் பட்டது. அந்த நினைப்போடுதான் மறுநாள் காலை முழுக்க இருந்தார். மத்தியானம் கரை தெரியத் தொடங்கியதும் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அடித்தன. ஒவ்வொருத்தனும் காதில் வைத்தான், "சரி... சரி... சொல்லல" என்றான், பையில் போட்டுக்கொண்டான். அவரை ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

துறைமுகத்தில் கல்யாணசுந்தரி நின்றிருந்தாள்.

"என்னாச்சு? சொல்லு."

"நேத்து மன்சூர் அலி பாய் ஆட்டத்த முழுசா வீடியோ புடிச்சுட்டாரு. ராத்திரி ஏழு மணிக்கி நம்ம கேபிள் சேனல்ல போடுறோம். பாத்துத் தெரிஞ்சுக்குங்க."

"வெளையாடாத கல்யாணி. ஒரு வார்த்த சொல்லு."

"சொல்ல மாட்டேன். ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, வீடு வீடாப் போயிச் சொல்லி வெச்சிருக்கேன். படகுக்கும் சொல்லிட்டேன். இத்தன வருசமா எல்லா முடிவயும் நான்தான் பாத்துட்டு வந்து சொல்றேன். இந்த ஒண்ண நீங்களே பாருங்க."

தெருவில் நடந்தார். டீக்கடையில் பேச்சு நின்றுபோயிற்று. மீன் கூடையோடு எதிரே வந்த சொர்ணாம்பாள் அவரைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அது சிரிப்பா அழுகையா என்று சாமி சத்தியமாக அவரால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு கட்டுப்பாடு இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. ரேஷன் கடை வரிசையில் இதில் பாதி இருந்தால் போதாதா?

ஏழு மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்திருந்த மன்சூர் அலி, கல்யாண வீடியோ எடுப்பவர். அலைகடல் ஆடுகிற ஆட்டங்களைக் காசு வாங்காமல் பிடித்துக் கொடுக்கிறவர். ஆனால் கைப்பழக்கம் விடுமா? ரோஜா இதழ் கொட்டிக் கொட்டி அணியின் பெயர் வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் ஒரு இதய வடிவத்துக்குள்ளிருந்து சிரித்தான். பின்னணியில் நாதஸ்வரம் வாசித்தது. டிஷ்ஷுக்கு மாறிப்போன வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சேனல் அவர்கள் வீட்டில் தெரியாதே.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியிலும் இல்லை. அமலன் ஒரு பந்தைத் தாவித் தட்டிவிட்டான், இன்னொன்றை நெஞ்சில் வாங்கினான். கோவிந்தராசு கத்தினார், திட்டினார், மேஜையில் குத்தினார். பார்ப்பது நேற்றைய ஆட்டம் என்பதே மறந்துபோயிற்று. திரையின் மூலையில் எண்பது என்று விழுந்ததும் அவர் கால் தானாக எழுந்தது. திரும்பினார். வாசற்படியில் கல்யாணசுந்தரி குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.  இதோ இப்போதுதான் எல்லாம் நடக்கப்போகிறது. சினிமா என்றால் இப்போது பெனால்ட்டி கொடுப்பான். வானம் இருட்டும். அமலன் மாதாவை நினைத்துக்கொள்வான்.

எண்பத்திரண்டாவது நிமிஷம் ஒரு பையன் பந்தை ஓங்கி உதைத்துக் கருவேல முள்ளுக்குள் அனுப்பினான். தேடி எடுத்து வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. எண்பத்தைந்தில் ஒரு நாய் மைதானத்துக்குள் வந்து நடுவட்டத்தில் படுத்துக்கொண்டது. ரெஃப்ரி அதைக் கெஞ்சி எழுப்பினார். அமலன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடியும் அவிழ்த்துக் கட்டினான். வெண்புறாப் பையன் ஒருவன் தசை பிடித்து உட்கார்ந்துவிட, நம்முடைய பையனே போய் அவன் காலை நீவிவிட்டான். பந்து அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இதற்குத்தானா இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம் என்று கோவிந்தராசுவுக்குத் தோன்றியது. கண்ணெதிரே வளர்ந்த பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முட்டியில் கையூன்றி நிற்கிறார்கள். ஒருவனை ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டாரே.

விசில் ஊதிற்று. கோல் இல்லாமல் சமன். முதல் டிவிஷன்.

கடையில் யாரும் இன்னும் சத்தம் போடவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அமலன் மட்டும் அங்கே போகாமல் திரும்பி, கோலுக்குப் பின்னால் ஓடினான். தண்ணீர்த் தொட்டியண்டை போய்க் கையைத் தூக்கினான். அங்கே யாரும் இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு உறை போட்ட கையால் தொட்டிச் சுவரில் இரண்டு தட்டு தட்டினான். அவன் வாய் அசைந்தது. கேமரா தூரத்தில் இருந்ததால் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. மன்சூர் அலி அந்த இடத்தைப் பக்கத்தில் இழுத்து, தொட்டியையும் அமலனையும் சுற்றி ஒரு பெரிய சிவப்பு இதயம் போட்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கோவிந்தராசு தேம்பித் தேம்பி அழுதார். மறைக்கவும் இல்லை. அப்போது அவர் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

"அண்ணே, திரும்பலாம்" என்றான் அமலன், பின்னாலிருந்து.

அவர் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இருடா, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு மன்சூர் அலியிடம் சொன்னார்: "பாய், கடைசிப் பத்து நிமிசத்த இன்னொரு தடவ போடுங்க."